61-வது குழந்தை எங்கே? பள்ளி திறக்கும் முன் நீலகிரியில் என்னவெல்லாம் நடக்கிறது?

மே மாதம் ஊட்டிக்கு டூர் போயிருக்கிறீர்களா? இ-பாஸ் எடுத்து, கல்லாறு தாண்டி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வரிசையில் நின்று, மலர் கண்காட்சி பார்த்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அதே நாட்களில், அதே ரோட்டில், டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே சில லாரிகளும் மெதுவாக மலை ஏறிக்கொண்டிருக்கும். அதில் இருப்பது காய்கறியோ கேஸ் சிலிண்டரோ அல்ல. பாடப்புத்தகக் கட்டுகள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். முதல் நாளே பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். அதற்கான வேலை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். “ஸ்கூல் லீவுதானே, டீச்சர்களுக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள், மே மாதத்தில் ஒரு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

சென்னை, கோவை மாதிரிப் பெரிய மாவட்டங்களில் இந்த வேலை எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிடும். சின்ன மாவட்டத்தில்தான் ஒவ்வொரு குழந்தையின் கணக்கும் தெளிவாகத் தெரியும். அதனால் நீலகிரியை எடுத்துக்கொண்டு, ஒரு கல்வி ஆண்டு எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம்.

எவ்வளவு சின்ன மாவட்டம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 7,35,394 பேர். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என 6 வட்டங்கள். ஊராட்சி ஒன்றியங்கள் 4 மட்டுமே.

எண்ணிக்கையில் சின்னது. ஆனால் தூரத்தில் சின்னதல்ல. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கோ, காடோ, தேயிலை எஸ்டேட்டோ இருக்கும். நேர்க்கோட்டில் 3 கி.மீ.; பஸ்ஸில் சுற்றிப் போனால் அதைப்போலப் பல மடங்கு.

பிள்ளைகளும் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என 6 பழங்குடி சமூகங்கள் இங்கே இருக்கின்றன. படுகர் சமூகக் கிராமங்கள், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்கள், கூடலூர் பக்கம் மலையாளம் பேசும் வீடுகள், அண்மைக் காலமாக எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரே வகுப்பில் நான்கு தாய்மொழிகள் இருப்பது இங்கே அதிசயமில்லை.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ஒரு சின்னப் பகுதிக்குக்கூடத் தனிப் பள்ளி நிர்வாகம் உண்டு. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, தனி வரி வருமானம், தனி நாட்காட்டி எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், தேர்வு, திறப்புத் தேதி எல்லாமே சென்னையில் முடிவாகும். மாவட்டத்தின் வேலை, அந்த முடிவுகளைத் தன் ஊருக்கு ஏற்றபடி நடத்திக் காட்டுவது.

மாவட்டத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்குக் கீழே தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளி எனப் பிரித்து மாவட்டக் கல்வி அலுவலர்கள். ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. கூடவே வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள். கடைசியாக, பள்ளியில் தலைமையாசிரியர்.

இதைத் தவிர, பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் இயங்குகின்றன. அங்கன்வாடி வேறு துறை. காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழு. பஸ் பாஸ் போக்குவரத்துக் கழகம். ஆக, ஒரு குழந்தை ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பெஞ்சில் வந்து உட்கார, அரை டஜன் துறைகள் ஒரே நேரத்தில் வேலையை முடித்திருக்க வேண்டும்.

அந்த ‘61’ என்ன கணக்கு?

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மலைக் கிராமத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. 1 முதல் 5 வரை ஐந்து வகுப்புகள். மொத்தம் 60 பிள்ளைகள் என்றால் இரண்டே ஆசிரியர்கள்தான். ஒருவர் மூன்று வகுப்பையும், இன்னொருவர் இரண்டு வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் வேலைக்கோ, மருத்துவ விடுப்பிலோ போனால், அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர்.

இன்னும் ஒரே ஒரு குழந்தை சேர்ந்தால்? 61. மூன்றாவது ஆசிரியருக்குப் பள்ளி தகுதி பெறும்.

இந்தக் கணக்கு எப்போது பார்க்கப்படுகிறது என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால், கூடுதலாக இருக்கும் ஆசிரியர் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டு, தேவை உள்ள வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். அதனால்தான் மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் தலைமையாசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பேண்ட் வாத்தியத்தோடு சேர்க்கைப் பேரணி போவதைப் பார்த்து, “கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கும் விளம்பரமா?” என்று சிலர் சிரிப்பார்கள். அந்தப் பேரணிக்குப் பின்னால் இருப்பது ஒரு டீச்சர் பணியிடம்.

மாணவரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019-ல் தமிழ்நாட்டில் மாணவர் சேர்க்கை இல்லாமல் போன 46 பள்ளிகள் தற்காலிகமாக நூலகங்களாக மாற்றப்பட்டன. ஒரு மலைக் கிராமத்தில் பள்ளி நின்றுபோனால், அடுத்த பள்ளி அடுத்த தெருவில் இருக்காது.

‘காமன் பூல்’ என்றால் என்ன?

அரசுப் பள்ளி ஆசிரியர் யாரிடமாவது பேசினால் ‘எமிஸ்’ என்ற சொல் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு என்பதன் சுருக்கம்தான் அது. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு எண் உண்டு. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, என்னென்ன நலத்திட்டப் பொருள் வாங்கினார் என எல்லாம் அதில் ஏறும்.

5-ம் வகுப்பு முடித்த குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும், அந்தக் குழந்தையின் பெயர் பழைய பள்ளியின் பட்டியலிலிருந்து நீங்கி ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். 6-ம் வகுப்பில் சேர்க்கும் பள்ளி, அந்தப் பெயரை அங்கிருந்து எடுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு ரயில்வே பிளாட்பாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியிலிருந்து இறங்கியாச்சு. அடுத்த வண்டியில் ஏற வேண்டும். பள்ளி திறந்து சில வாரம் கழித்தும் பிளாட்பாரத்திலேயே நிற்கும் பெயர்கள்தான் அதிகாரிகளின் கவலை. வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம். சேர்த்திருந்தும் கணினியில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால், அந்தக் குழந்தை படிப்பையே நிறுத்தியிருக்கலாம்.

மூன்றில் எது என்று கணினி சொல்லாது. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலைதான் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வருகிறது. பட்டியலில் உள்ள போன் நம்பர் பெரும்பாலும் மாறியிருக்கும். எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனால் குடும்பமே வேறு எஸ்டேட்டுக்கு மாறியிருக்கும். காட்டை ஒட்டிய குடியிருப்புக்கு ஜீப் போகும் தூரம் வரை போய், மீதியை நடக்க வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் மாலைக்குள் திரும்பியாக வேண்டும்.

5-லிருந்து 6, 8-லிருந்து 9, 10-லிருந்து 11. இந்த மூன்று இடங்களில்தான் பள்ளி மாற வேண்டியிருக்கும். பக்கத்தில் இருந்த பள்ளி தூரமாகும். பழகிய டீச்சர் இருக்கமாட்டார். வீட்டில் பேசும் மொழி அங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம். லீவில் அம்மாவோடு தோட்ட வேலைக்குப் போன பிள்ளைக்குக் கையில் கொஞ்சம் காசு பார்த்த பழக்கமும் வந்திருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்க் கூட்டி வராவிட்டால், ஆகஸ்டில் கூட்டி வருவது பல மடங்கு கஷ்டம்.

இதற்காகவே ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கு முன்பும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளி எட்டாத தூரத்தில் இருக்கும் குடியிருப்புகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகன வசதியும், கூடவே வந்து விடும் பாதுகாவலர் வசதியும் செய்ய இடமுண்டு. எந்தக் குடியிருப்புக்கு ஜீப் தேவை, எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியலும் மே மாதமே தயாராக வேண்டும்.

டி.சி. இல்லை, ஆதார் இல்லை என்றால் சேர்க்க மாட்டார்களா?

சேர்க்க வேண்டும். சட்டம் இதில் தெளிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக 8-ம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 14-வது பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது 4-வது பிரிவு.

ஊர் மாறி ஊர் மாறி வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இந்த மூன்று பிரிவுகளும் பெரிய பாதுகாப்பு. பிரச்சினை, அவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதுதான்.

புத்தகம் முதல் ஸ்வெட்டர் வரை

தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப் பை, கணித உபகரணப் பெட்டி, வண்ணப் பென்சில் எனப் பல பொருட்கள் வகுப்புக்கு ஏற்றபடி விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. மலைப்பகுதி என்றால் கூடுதலாக ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கணுக்கால் வரை வரும் பூட்ஸ், சாக்ஸ் உண்டு.

கேட்க ஈஸியாக இருக்கும். நடைமுறையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வரும். பாடப்புத்தகம் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்திலிருந்து. சீருடைத் துணியைக் கூட்டுறவுச் சங்க நெசவாளர்கள் நெய்ய, சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. பூட்ஸுக்கு ஒவ்வொரு பிள்ளையின் கால் அளவும் முன்கூட்டியே எடுத்து அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். அளவு எடுக்கும்போது 4-ம் வகுப்பில் இருந்த பையன், பூட்ஸ் வரும்போது 5-ம் வகுப்புக்குப் போயிருப்பான். கால் வளர்ந்திருக்கும். “டீச்சர், ஷூ கடிக்குது” என்று வருபவனுக்கும், “டீச்சர், ஷூ கழண்டு போகுது” என்று வருபவனுக்கும் ஜோடி மாற்றிக் கொடுத்துச் சமாளிப்பது முதல் வாரத்து வேலை.

சமவெளியில் சீருடை இரண்டு வாரம் தள்ளி வந்தால் அது ஒரு சின்னக் குறை. மலையில் மழைக்கோட்டு இரண்டு வாரம் தள்ளி வந்தால், அந்த இரண்டு வாரமும் பிள்ளை நனைந்துகொண்டே வகுப்புக்கு வரும். இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் பள்ளி திறப்பதும் இங்கே ஒரே நேரம்.

பஸ் பாஸ் விஷயத்தில் ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. புதிய பாஸ் கைக்கு வரும் வரை, சீருடை அணிந்திருந்தாலோ பழைய பாஸைக் காட்டினாலோ அரசுப் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். ஒரே பஸ் வந்து போகும் ஊரில் இந்த அறிவிப்பு ரொம்ப முக்கியம்.

கட்டடம் பாதுகாப்பா?

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை மாநிலம் முழுவதும் முடுக்கிவிடப்பட்டது.

அதனால் ஒவ்வொரு மே மாதமும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் பள்ளிக்கு வரும். தண்ணீர்த் தொட்டி கழுவி குளோரின் போட்டாச்சா? மின் வயர், சுவிட்ச் சரியா? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா? புதர் வெட்டியாச்சா? கிணறு, பள்ளம் மூடியிருக்கா? பயன்படுத்தக் கூடாத கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டாச்சா?

மலைப் பள்ளிக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளம். பின்பக்கத் தடுப்புச் சுவரில் விரிசல் இருக்கிறதா? மேட்டிலிருந்து வரும் மழைநீர் ஓட வாய்க்கால் திறந்திருக்கிறதா? கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரம் இருக்கிறதா? மரத்தைப் பள்ளியே வெட்டிவிட முடியாது. உரிய துறைகளின் அனுமதி வேண்டும். அதற்கான கடிதம் ஜூன் மாதம் எழுதினால் மழை முந்திக்கொள்ளும். ஏப்ரலிலேயே எழுத வேண்டும்.

தனியார் பள்ளி வாகனங்களுக்கும் மே மாதம்தான் ஆய்வு. 2012-ல் வந்த பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளின்படி அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தரைப்பலகையின் உறுதி என ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். வளைவும் இறக்கமுமாக இருக்கும் சாலையில் பிரேக் சோதனையைச் சம்பிரதாயமாக முடித்துவிட முடியாது.

காலையில் என்ன சாப்பாடு?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்ந்தன.

ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு, கூடவே காய்கறி என்ற அளவில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள். சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வுக்கான நிபந்தனைகளில் ஒன்று.

எஸ்டேட் வேலைக்குப் பெற்றோர் இருவருமே காலையிலேயே கிளம்பிவிடும் வீடுகளில் இந்தச் சாப்பாட்டின் அருமை தெரியும். ஆனால், பள்ளி திறக்கும் முதல் நாளே அடுப்பு எரிய வேண்டும் என்றால் கேஸ் இணைப்பு, பாத்திரம், மளிகை எல்லாம் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கூடவே எலி, ஈரம் அண்டாத ஒரு இடமும் வேண்டும். மலையில் ரவையும் பருப்பும் ஈரக் காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

டீச்சர் இருக்கிறாரா?

பொது மாறுதல் கலந்தாய்வு வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி ஆன்லைனில் நடக்கும். சொந்த ஊர் சமவெளியில் உள்ள ஆசிரியர், வாய்ப்புக் கிடைத்தால் ஊருக்கு மாறிப் போவது இயல்பு. அவர் போன இடத்துக்கு இன்னொருவர் மலை ஏறி வர வேண்டும். வருவதற்குள் பள்ளி திறந்துவிட்டால்?

அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் ஏற்பாடு. 2022-ல் இது தொடங்கியபோது மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பிறகு இது முறையே 12,000, 15,000, 18,000 என உயர்த்தப்பட்டது. உள்ளூரிலேயே பி.எட். முடித்தவர் கிடைத்தால் வகுப்பு நிற்காது. உள்ளூரில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆள் கிடைக்காவிட்டால், இந்தச் சம்பளத்துக்கு வாடகை வீடு எடுத்துத் தங்க யாரும் கீழேயிருந்து வரமாட்டார்கள்.

இரண்டு ஆசிரியர் பள்ளிகளுக்கு இன்னொரு உதவி, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய இதில், 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் டீச்சருக்கு இந்த முறை கை கொடுக்கிறது. இதற்கான பயிற்சியும் பள்ளி திறப்பதை ஒட்டித்தான் நடக்கும்.

பணம் எவ்வளவு வரும்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ‘பள்ளி மானியம்’ என்று ஒன்று உண்டு. அதுவும் தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான். 30 மாணவர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

சாக்பீஸ், துடைப்பம், பினாயில், கரண்ட் ரிப்பேர், உடைந்த குழாய் என எல்லாம் இதிலிருந்துதான். 30 பிள்ளை உள்ள பள்ளிக்கும் 31 பிள்ளை உள்ள பள்ளிக்கும் இடையே 15,000 ரூபாய் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை குறைவு என்பதற்காக மழையில் ஒழுகும் கூரையின் ரிப்பேர் செலவு குறைவதில்லை.

இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதும், 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடக்கும் இந்த இழுபறி, கடைசியில் ஒரு மலைப் பள்ளியின் ஜீப் வாடகையிலும், ரிப்பேர் செலவிலும் வந்து நிற்கும் ஆபத்து இருக்கிறது.

தேதியை முடிவு செய்வது யார்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. 2023-ல் பள்ளி திறப்பு தள்ளிப்போனது. 6 முதல் 12 வகுப்புக்கு ஜூன் 12, 1 முதல் 5 வகுப்புக்கு ஜூன் 14. காரணம், வெயில். 2024-ல் ஜூன் 6 என்று அறிவித்து, ஜூன் 10-க்குத் தள்ளினார்கள். அதற்கும் வெயில். 2025-ல் ஜூன் 2 அன்று திறந்தது.

வேலூரிலும் திருச்சியிலும் பிள்ளைகள் வெயிலில் வாடக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் வேலூர் வெயிலுக்காகத் தள்ளிவைத்த அந்த நாட்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் கழிந்துபோகின்றன. அங்கே பள்ளி திறந்த கையோடு பருவமழை வலுக்கும். 2025-ல் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே நீலகிரிக்கு அதி கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஜூன், ஜூலையில் கலெக்டர் மழை விடுமுறை அறிவிப்பார். பல நேரம் உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று வட்டம் வாரியாக.

சமவெளிப் பிள்ளைக்கு மே மாத வெயிலில் ஒரு லீவு. மலைப் பிள்ளைக்கு அந்த லீவும் உண்டு. மழை லீவும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வகுப்புக்கு 200 வேலை நாள், 6 முதல் 8 வகுப்புக்கு 220 வேலை நாள் நடந்தாக வேண்டும். விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டும். சனிக்கிழமை பஸ் ஓடுமா, ஜீப் வருமா, காலை உணவு சமைக்க ஆள் உண்டா என்பதையும் மாவட்டம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் சொந்த ஊர்ப் பள்ளி மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், மூன்று விஷயம் செய்யலாம்.

ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். முன்னாள் மாணவர்களும் பள்ளிக்காகப் பேசலாம், உதவலாம். பணமாகவோ பொருளாகவோ கொடுக்க நினைத்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழி இருக்கிறது. கொடுப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் “என்ன சார் தேவை?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பத்தாவது சுவர்க் கடிகாரத்தைவிட நாலு மழைக்கோட்டு உபயோகமாக இருக்கும்.

இரண்டு, சேர்க்கை. உங்கள் வீட்டில் வேலை செய்பவர், அபார்ட்மென்ட் காவலாளி, கட்டட வேலைக்கு வந்த குடும்பம் என யாருடைய பிள்ளையாவது ஜூனில் வீட்டில் இருந்தால், “எந்த ஸ்கூல்?” என்று கேளுங்கள். டி.சி. இல்லை, ஆதார் இல்லை என்று தயங்கினால், சட்டம் என்ன சொல்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மூன்று, தகவல். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. குழந்தை வேலைக்கு அனுப்பப்படுவதாகத் தெரிந்தால் 1098.

அடுத்த மே மாதம் ஊட்டி ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது, முன்னால் மெதுவாகப் போகும் லாரியைப் பார்த்து ஹாரன் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த லாரி போய்ச் சேரும் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் 60 பேர் பெயர் எழுதிய பட்டியலோடு உட்கார்ந்திருக்கலாம். 61-வது பெயர் எந்த எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறது என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஆகஸ்ட் 1 வரைதான் நேரம்.